ரோலர் கோஸ்டர் உச்சிக்கு நடந்து ஏறணுமா? காசு கட்டும்முன் இதைப் படியுங்கள்

வெளிநாட்டில் மகனோ மகளோ இருக்கிறார்கள், லீவுக்கு அங்கே போகிறோம், அங்கே ஒரு தீம் பார்க்கில் ரோலர் கோஸ்டர் மேலேயே நடந்து ஏற விடுகிறார்களாமே, அதற்குக் காசு கட்டலாமா என்று வள்ளியூர், பணகுடி, திசையன்விளை பக்கத்து ஆட்கள் என்னிடம் இப்போது அடிக்கடி கேட்கிறார்கள். நான் காற்றாலையில் பராமரிப்பு வேலை பார்க்கிறவன். ஹார்னஸ் (விழாமல் பிடிக்க உடம்பில் கட்டுகிற பாதுகாப்புப் பட்டை) மாட்டிக்கொண்டு டவருக்குள் ஏணி ஏறுவது அன்றாட வேலை. இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் சித்தி மகளைப் பார்க்கப் போனபோது இப்படி ஒரு ஏற்றமும் ஏறிப் பார்த்தேன். போனில் ஒவ்வொருவருக்கும் சொல்லும்போது பாதி விட்டுப்போகிறது, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் இது என்ன என்று சொல்லிவிடுகிறேன். ரோலர் கோஸ்டரில் முதல் பெரிய மேட்டுக்கு வண்டியை ஒரு சங்கிலி இழுத்துக்கொண்டு போகும், அந்த ஏற்றத்தின் ஓரத்திலேயே இரும்புப் படிக்கட்டும் கைப்பிடிக் கம்பியும் இருக்கும். மெக்கானிக்குகள் ஏறிப் பார்ப்பதற்கும், வண்டி பாதி வழியில் நின்றுபோனால் உட்கார்ந்திருப்பவர்களைப் பத்திரமாக நடத்திக் கீழே கொண்டுவருவதற்கும் போட்ட படி அது. பார்க் திறக்காத நேரத்தில், வண்டி ஓடாதபோது, ஹெல்மெட்டும் ஹார்னஸும் மாட்டி, கூட ஒரு ஆளை அனுப்பி, அந்தப் படியில் நம்மை ஏற்றுகிறார்கள். அதற்குத் தனி டிக்கெட், அதற்குத் தனிக் காசு.

அந்தக் காசு எதற்கு என்பதில்தான் நிறையப் பேர் தடம் மாறுகிறார்கள். உயரத்துக்கு என்று நினைத்தால் இது வீண் செலவு. உயரம் வேண்டுமென்றால் தோரணமலையில் ஒரு ரூபாய் செலவில்லாமல் கிடைக்கும், காற்றும் நன்றாக இருக்கும். நீங்கள் வாங்குவது அந்த இயந்திரத்தைத் தினமும் தொட்டு வேலை பார்க்கிற ஒருவருடைய நேரத்தை. அவர் காட்டினால்தான் சங்கிலியும் பல்லும் பிரேக்கும் நம் கண்ணுக்குப் புரியும், அவர் இல்லாமல் ஏறினால் அது வெறும் இரும்புப் படி. அதனால் புக் பண்ணும்முன் கேட்க வேண்டிய முதல் கேள்வியே, கூட வருபவர் யார் என்பதுதான். பராமரிப்புப் பிரிவு ஆளா, அல்லது பேசிக் கூட்டிப்போகப் பழகிய வழிகாட்டியா? இரண்டாவது வகை மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் விலை ஒன்றுதான் என்றால் நான் மெக்கானிக் வரும் நாளைத்தான் எடுப்பேன்.

எங்கே போகலாம்

நம் ஊர் ஆட்கள் போகிற நாடுகளை வைத்துச் சொல்கிறேன். இங்கிலாந்தின் வடமேற்குக் கடற்கரையில் பிளாக்பூல் என்று ஒரு ஊர், அங்கே பிளெஷர் பீச் என்கிற பார்க் 1896 முதல் இருக்கிறது. அதில் 1994-ல் திறந்த 'தி பிக் ஒன்' கோஸ்டர் அந்தச் சமயத்தில் உலகத்திலேயே உயரமான ரோலர் கோஸ்டர்களில் ஒன்றாகப் பெயர் வாங்கியது. பார்க்கின் விளம்பரத்தில் 235 அடி என்று போட்டிருப்பார்கள், அது கடல் மட்டத்திலிருந்து வைத்த கணக்கு. தரையிலிருந்து பார்த்தால் 213 அடி, அதாவது 65 மீட்டர். கன்னியாகுமரியில் நிற்கும் திருவள்ளுவர் சிலை பீடத்தோடு சேர்த்து 133 அடி, அதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேலே என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஏற்றத்தில் நடக்க 'வாக் தி பிக் ஒன்' என்ற பெயரில் டிக்கெட் போடுகிறார்கள். இந்தப் படியில் சும்மா வந்தவர்களும் நடக்க நேர்ந்திருக்கிறது. 2021 ஏப்ரலில் வண்டி ஏற்றத்தில் நின்றுவிட, அதில் இருந்தவர்களை இதே படி வழியாகத்தான் நடத்திக் கீழே கொண்டுவந்தார்கள். அந்தப் படம் அப்போது உலகம் முழுக்கச் சுற்றியது.

மான்செஸ்டர் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் போவது சுலபம். பிரெஸ்டன் போய் அங்கிருந்து பிளாக்பூல் சவுத் போகிற ரயிலில் ஏறினால் பார்க் பேரிலேயே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. பிளாக்பூல் நார்த்தில் இறங்கினால் கடற்கரையோரமாக ஓடும் டிராமைப் பிடிக்கலாம். ஏற்றம் காலையிலேயே என்றால் முதல் நாள் இரவே அந்த ஊரில் தங்கிவிடுங்கள், அதிகாலை ரயிலை நம்பி ஓடாதீர்கள். அங்கே சீசன் ஊர் என்பதால் தங்குமிடத்துக்குப் பஞ்சம் இல்லை.

கல்ஃபில் ஆள் இருக்கிற வீடுகள்தான் நம்மிடம் அதிகம். மேலப்பாளையம், கடையநல்லூர் பக்கம் கேட்கவே வேண்டாம். அவர்களுக்கு அபுதாபி யாஸ் தீவில் இருக்கும் ஃபெராரி வேர்ல்டு பக்கம். அங்கே 2010-ல் வந்த ஃபார்முலா ரோசா மணிக்கு 240 கிலோமீட்டர் வேகம் போகும். ஆனால் அங்கே ஏற விடுவது கோஸ்டர் படியில் அல்ல, பார்க்கின் அந்தப் பெரிய சிவப்புக் கூரை மேல். ரூஃப் வாக் என்று பெயர். ஹார்னஸ் எல்லாம் அதே மாதிரிதான், பார்வையும் அருமை, ஆனால் இயந்திரத்தைப் பக்கத்தில் பார்க்கிற விஷயம் அதில் இல்லை. ஏறுகிற ஆசைதான் பெரிது என்றால் போதும். கோஸ்டர் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளப் போகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். திருவனந்தபுரத்திலிருந்து அபுதாபிக்கு நேர் விமானம் இருப்பது நாகர்கோவில், வள்ளியூர் ஆட்களுக்கு ஒரு வசதி.

ஜப்பானில் ஃபுஜி-கியூ ஹைலேண்டு என்கிற பார்க்கில் ஃபுஜியாமா என்று 1996-ல் வந்த 79 மீட்டர் கோஸ்டர் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே 55 மீட்டர் உயரத்துக்கு ஒரு டவரை 2021-ல் திறந்து, உச்சியில் கைப்பிடி இல்லாத பாதையில் கயிறு மாட்டி நடக்க விடுகிறார்கள். ஐடி வேலையாக டோக்கியோ போகிற பிள்ளைகள் நம் பக்கத்திலும் இருப்பதால் சொல்லிவைக்கிறேன்.

ஜெர்மனியில் டியூஸ்பர்க் ஊரில் ரோலர் கோஸ்டர் மாதிரியே வளைந்து வளைந்து ஒரு படிக்கட்டு இருக்கிறது, படத்தைப் பார்த்துவிட்டு அதையும் இதோடு சேர்த்துக் கேட்கிறார்கள். அது 2011-ல் வைத்த சிற்பம். அதில் வண்டி ஓடாது, நடக்கக் காசும் இல்லை. தென்கொரியாவின் போஹாங்கில் இருப்பதும் அந்த வகைதான்.

நம் நாட்டு பார்க்குகளில் இப்படி ஒரு ஏற்றத்தை டிக்கெட் போட்டு விற்பதை நான் இதுவரை பார்க்கவில்லை. யாராவது உங்களிடம் விற்றால் நேராக அந்த பார்க்குக்கே போன் போட்டுக் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

காசு கட்டுவது

பார்க்கின் சொந்த இணையதளத்தில் மட்டும் புக் பண்ணுங்கள். தேடிப் பார்த்தால் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் இடைத்தரகர் தளமாக இருக்கும், பெயரை ஒரு எழுத்து மாற்றி வைத்த போலித் தளமும் இருக்கும். இந்த மாதிரி ஏற்றத்துக்கு ஒரு நாளைக்குச் சிலரைத்தான் எடுப்பார்கள், எல்லா நாளும் நடக்கவும் நடக்காது. அதனால் விமான டிக்கெட் போட்ட பிறகு இதைத் தேடாமல், ஏறும் தேதி எதுவெல்லாம் இருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு மற்றதைத் திட்டமிடுவது நல்லது.

எங்கள் தெருவில் ஒரு அண்ணாச்சி, டிராவல்ஸ்காரர் சொன்னதை நம்பி எல்லாம் பேக்கேஜில் இருக்கிறது என்று போய்விட்டார். அங்கே போய்ப் பார்த்தால் அவர் கையில் இருந்தது பார்க்குக்குள் நுழைகிற சீட்டு மட்டும். ஏற்றத்துக்கான இடம் அன்றைக்குத் தீர்ந்துபோயிருந்தது. ஏஜென்ட் மூலம் போவது தப்பில்லை, ஆனால் ஏற்றத்தின் பெயர், தேதி, நேரம், எத்தனை பேர் என்று பார்க்கிலிருந்து வந்த உறுதி மெயிலை உங்கள் பெயரில் கேட்டு வாங்குங்கள். அது வராமல் பாக்கியைக் கொடுக்காதீர்கள்.

மெயிலில் பார்க்கிடம் கேட்க வேண்டியதை இங்கே தமிழில் சொல்கிறேன், வீட்டில் பிள்ளைகளை வைத்து ஆங்கிலத்தில் போட்டுக்கொள்ளலாம். ஏறுகிறவருக்குக் குறைந்த வயது, உயரம் என்ன, எடை எத்தனை கிலோ வரை? இந்த டிக்கெட்டிலேயே பார்க் நுழைவும் அடக்கமா, அல்லது அது தனியா? காற்றாலோ மழையாலோ ரத்தானால் பணம் திரும்ப வருமா, வேறு தேதி மட்டும்தான் கொடுப்பீர்களா? (நாம் திரும்பிப் போகிற விமானத்துக்கு முந்தைய நாளில் புக் பண்ணினால் வேறு தேதி நமக்கு எதற்கும் உதவாது, அதனால் இதைக் கட்டாயம் கேளுங்கள்.) பாதி வழியில் ஒருவர் பயந்து நின்றால் அவரை எப்படிக் கீழே கொண்டுவருவீர்கள், மற்றவர்களும் கூடவே இறங்க வேண்டுமா? ஏறாமல் கீழே நிற்கிற குடும்பத்தினர் எங்கே காத்திருக்கலாம்? போட்டோ யார் எடுப்பார்கள், அதற்குத் தனிக் காசா?

இன்னொன்று, இதை நம் ஆட்கள் யோசிப்பதே இல்லை. பாதுகாப்பு விளக்கம் ஆங்கிலத்தில் நடக்கும், சொன்னது புரிந்தது என்று கையெழுத்தும் கேட்பார்கள். அப்பா அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்றால், நான் கூடவே ஏறி மொழிபெயர்க்கிறேன், ஒத்துக்கொள்வீர்களா என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். சில இடத்தில் சரி என்பார்கள், சில இடத்தில் மாட்டார்கள். மேலே நிற்கும்போது ஹார்னஸ் கயிற்றின் கொக்கியை மாற்று, மாற்றாதே என்பது புரியாமல் போனால் ஆபத்து, ஆகவே மாட்டேன் என்று சொல்கிற பார்க்கின் மேல் கோபப்பட வேண்டியதில்லை.

கார்டு விஷயம். நம் வங்கிக் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு தானாக இருக்காது, ஆப்பில் போய் நாம்தான் திறந்துவிட வேண்டும், வரம்பையும் தேவையான அளவுக்கு மட்டும் வையுங்கள். வெளிநாட்டுத் தளங்களில் ஓடிபி கேட்காமலே பணம் போகிற வாய்ப்பு உண்டு, அதனால் புக்கிங் முடிந்த கையோடு அதை மூடிவிடுங்கள். பணம் கட்டும் பக்கத்தில் ரூபாயில் கட்டுகிறீர்களா, பவுண்டில் கட்டுகிறீர்களா என்று கேட்டால் பவுண்டைத் தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்று போட்டால் அவர்கள் வைத்த மாற்று விலையில் போகும், அது பெரும்பாலும் நமக்கு நஷ்டம். பல கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 2 முதல் 3.5 சதவீதம் வரை கூடுதல் பிடிப்பார்கள், அந்தக் கூடுதலுக்கு ஜிஎஸ்டி வேறு. ஒரு பவுண்டு நூறு ரூபாய்க்கு மேல் போகிற காலத்தில் நாலு பேருக்குப் புக் பண்ணினால் இதுவும் கணிசமான தொகைதான். அங்கே இருக்கிற பிள்ளையின் உள்ளூர்க் கார்டில் கட்டச் சொல்லிவிட்டுப் பிறகு கணக்குப் பார்த்துக்கொள்வது இதைவிட லாபம்.

பயணக் காப்பீடு எடுத்திருப்பீர்கள். அதில் உயரம் ஏறுதல், சாகச விளையாட்டு மாதிரியானவற்றைப் பல பாலிசிகள் சேர்ப்பதில்லை. பாலிசித் தாளில் விலக்குகள் என்று ஒரு பகுதி இருக்கும், அதை மட்டுமாவது வாசித்துப் பாருங்கள்.

உடம்பும் உடுப்பும்

இருபது மாடிக்கும் மேல் படி ஏறி, அதே படியில் இறங்க வேண்டும். லிஃப்ட் கிடையாது. ஏறுவதில் மூச்சுத்தான் வாங்கும், இறங்குவதில்தான் முட்டி பேசும். ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே வாரத்தில் சில நாள் காலையில் படி ஏறிப் பழகுங்கள். நம் பக்கத்தில் அதற்கு என்ன குறை, பண்பொழி திருமலைக் கோயில் படி இருக்கிறது, கடையத்துக்குப் பக்கத்தில் தோரணமலை இருக்கிறது. ஏறும்போது நிறுத்தாமல் ஏற முடிகிறதா என்பதைவிட, இறங்கும்போது கால் நடுங்காமல் இருக்கிறதா என்று கவனியுங்கள். இதயக் கோளாறு, கட்டுப்படாத ரத்த அழுத்தம், வலிப்பு, சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், கர்ப்பிணிகள் இதை விட்டுவிட வேண்டும். மருத்துவரிடம் கேட்கும்போது மலை ஏறப் போகிறேன் என்று சொல்லாமல், தொடையிலும் தோளிலும் இறுக்கமாகப் பட்டை கட்டிக்கொண்டு படி ஏறப் போகிறேன் என்று சொல்லுங்கள், அப்போதுதான் சரியான பதில் வரும்.

பயம் வேறு விஷயம். உயரம் பயமில்லை என்று சொல்கிறவர்கள்கூட இந்தப் படியில் தயங்குவதற்குக் காரணம், அது கம்பி வலைப் படி. காலுக்குக் கீழே தரை தெரியும். மொட்டை மாடியில் நின்று பழகியது இதற்கு உதவாது. சோதித்துப் பார்க்க நல்ல இடம் கன்னியாகுமரியிலேயே இருக்கிறது. விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பர் 30-ல் திறந்த கண்ணாடிப் பாலம், 77 மீட்டர் நீளம். அதில் நடுவில் நின்று கீழே கடலைப் பார்த்து இரண்டு நிமிடம் நிற்க முடிந்தால் பாதிப் பயம் தாண்டிய மாதிரி. ஓரமாகவே நடந்து வெளியே வந்துவிட்டால், கட்டப்போகிற காசைப் பற்றி இன்னொரு முறை யோசியுங்கள். அது வெட்கப்படுகிற விஷயமே இல்லை, எங்கள் வேலைக்கு வருகிற பையன்களிலேயே சிலருக்கு இது ஒத்துக்கொள்ளாது, அவர்கள் கீழே கண்ட்ரோல் வேலையில் நன்றாக இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்காகவே சில பார்க்குகளில் தரையிலேயே பட்டறையும் பாதையின் அடிப்பகுதியும் காட்டுகிற சுற்று இருக்கும், விலையும் பெரும்பாலும் குறைவு. வண்டியைத் தூக்கி நிறுத்திச் சக்கரம் கழற்றியிருப்பதைப் பட்டறையில் பார்ப்பது, என்னைக் கேட்டால், உச்சியில் நிற்பதற்குச் சமம்.

உடுப்பு. ஹார்னஸின் பட்டை தொடை இடுக்கு வழியாகப் போகும். வேட்டி, சேலை, பாவாடை எதுவும் ஆகாது. சுடிதார் போடுகிறவர்கள் கவனியுங்கள், நீளமான டாப்ஸ் தொடைப் பட்டைக்குள் சுருண்டு மாட்டிக்கொண்டு பட்டை சரியாக உட்காராது. பேன்ட், உடம்போடு இருக்கிற டீ-ஷர்ட், மேலே ஒரு காற்றுத் தடுக்கும் ஜாக்கெட். கோடையாக இருந்தாலும் பிளாக்பூல் இருக்கிற ஐரிஷ் கடலோரத்தில் காலைக் காற்று நம் ஆட்களுக்குக் குளிராகத்தான் இருக்கும், உச்சியில் இன்னும் அதிகம். செருப்பு, சாண்டல் கூடாது, கயிறு கட்டுகிற மூடிய ஷூ வேண்டும், அதுவும் புதிதாக வாங்கியதை அன்றைக்கு முதல் முறையாகப் போடாதீர்கள். தலைமுடியைப் பின்னி ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்ளுங்கள். பூ வேண்டாம்.

மோதிரத்தைக் கட்டாயம் கழற்றி வையுங்கள். இரும்பு விளிம்பில் மோதிரம் மாட்டி உடம்பு ஒரு பக்கம் வழுக்கினால் விரலின் தோலும் சதையும் உரிந்து வரும், எங்கள் வேலையில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. வளையலும் அப்படித்தான். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனம் இல்லாத அம்மாக்கள், மதினிமார், அதைச் சட்டைக்குள் விட்டு உள்பக்கமாகப் பின் குத்திக்கொண்டு, கூட வருபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் ஒத்துக்கொண்டால் நல்லது. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அங்கே போய் வாதாடுவதைவிட, மெயிலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு போவது மரியாதை.

ஏறும் நாள்

நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள், வெறும் வயிற்றோடும் போகாதீர்கள். இரண்டு இட்லி அளவுக்கு ஏதாவது. கழிப்பறைக்கு ஹார்னஸ் மாட்டும்முன்பே போய் வந்துவிடுங்கள், மாட்டிய பிறகு அது பெரிய வேலை.

ஹார்னஸை அவர்கள்தான் மாட்டிவிடுவார்கள், சரிபார்ப்பார்கள். ஆனாலும் நீங்களும் பாருங்கள். தொடைப் பட்டைக்குள் விரித்த உள்ளங்கை நுழைய வேண்டும், மடக்கிய முஷ்டி நுழையக் கூடாது. பின்னால் இருக்கிற இரும்பு வளையம் இரண்டு தோள்பட்டை எலும்புக்கும் நடுவே உட்கார வேண்டும், இடுப்புக்கு இறங்கி இருந்தால் தளர்வாக இருக்கிறது என்று அர்த்தம். நெஞ்சுப் பட்டை கழுத்துக்கு ஏறக் கூடாது. பட்டையில் கிழிசல், நூல் பிரிந்திருப்பது, பெயின்ட் கறை ஏதாவது தெரிந்தால் கேளுங்கள். நல்ல மெக்கானிக் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார், சந்தோஷப்படுவார். பனையேறும் தாத்தாமார் மரத்தில் கை வைக்கும்முன் காலில் மாட்டுகிற திளாப்புக் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்ப்பதை நம்மில் பாதிப் பேர் சின்ன வயதில் பார்த்திருப்போம், அதே பழக்கம்தான் இது.

கயிற்றைக் கம்பியில் மாட்டுவதில் இரண்டு முறை உண்டு. ஒன்றில் கீழிருந்து மேல்வரை ஒரே தடத்தில் ஓடுகிற கொக்கி, நாம் தொடவே வேண்டாம். மற்றதில் இரண்டு கொக்கி இருக்கும், ஒன்றை எடுத்து அடுத்த இடத்தில் மாட்டிய பிறகுதான் மற்றதை எடுக்க வேண்டும். ஏதாவது ஒன்று எப்போதும் மாட்டியே இருக்க வேண்டும், இதில் சமரசம் இல்லை. போட்டோவுக்காக ஒரு நொடி என்று யார் சொன்னாலும் கழற்றாதீர்கள்.

அப்புறம், ஏறும்முன் நான் கேட்கச் சொல்கிற மிக முக்கியமான கேள்வி: வண்டி இப்போது ஓடாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? காற்றாலையில் நாங்கள் உள்ளே போகும்போது மெஷினின் மின்சாரத்தை நிறுத்தி, அந்த சுவிட்சில் ஒவ்வொருவரும் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொள்வோம். நாங்கள் இறங்கி வந்து பூட்டைத் திறக்காமல் யாராலும் அதை ஓட்ட முடியாது. பார்க்கிலும் இதே முறைதான் இருக்க வேண்டும். எங்கே பூட்டியிருக்கிறீர்கள், சாவி யாரிடம் என்று கேளுங்கள், காட்டச் சொல்லுங்கள். 2015 ஜூனில் இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பார்க்கில், பாதையில் ஒரு வெற்று வண்டி நிற்பது தெரியாமல், கம்ப்யூட்டர் தடுத்ததை ஊழியர்கள் மீறி 16 பேர் இருந்த வண்டியை அனுப்ப, அது போய் மோதியது. இரண்டு இளம்பெண்கள் காலை இழந்தார்கள். நடத்திய நிறுவனத்துக்கு 2016-ல் 50 லட்சம் பவுண்டு அபராதம் போட்டார்கள். பாதையில் என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேட வேண்டாம். இதைக் கேட்கும்போது கூட வருபவர் நின்று நிதானமாகப் பதில் சொன்னால், நீங்கள் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். எரிச்சல்பட்டால் ஏறாதீர்கள், கட்டிய காசு போனால் போகட்டும்.

இங்கிலாந்தில் ஒவ்வொரு ரைடையும் வருடத்துக்கு ஒரு முறை தனி ஆய்வாளர் பார்த்து, ஓட்டலாம் என்று சான்று கொடுக்க வேண்டும். அடிப்ஸ் என்கிற திட்டத்தின் கீழ் இது நடக்கிறது. பார்க் ஆட்கள் தாங்களே தினமும் காலையில் பாதையைப் பார்த்து, வெறும் வண்டியை ஓட்டிச் சோதிப்பது இதற்கு மேல். அந்தத் தினசரிச் சோதனையை எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டால் உங்கள் மெக்கானிக் பேச ஆரம்பிப்பார், நிறுத்த மாட்டார்.

படியில் ஏறும்போது கண்ணை அடுத்த இரண்டு படியில் வையுங்கள், அவ்வப்போது நின்று தூரத்துக் கடலைப் பாருங்கள், நேர் கீழே பார்ப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். ஒரு கை எப்போதும் கம்பியில். பேசிக்கொண்டே ஏறுவது பயத்தைக் குறைக்கும், மூச்சுத்தான் இடம் கொடுக்காது.

வழியில் பார்க்க வேண்டியவை. பக்கத்தில் ஓடுகிற சங்கிலி, அதன் மேல் பூசியிருக்கிற கிரீஸ் (தொடாதீர்கள், துணியிலிருந்து போகாது). சங்கிலிக்கு அருகே ரம்பம் மாதிரி பல் வைத்த இரும்புப் பட்டை நீளமாகப் போகும். வண்டி ஏறும்போது டக் டக் டக் என்று சத்தம் வருமே, அது சங்கிலிச் சத்தம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். வண்டிக்கு அடியில் இருக்கிற நாக்கு ஒவ்வொரு பல்லாகத் தாண்டி விழுகிற சத்தம் அது. சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னால் ஓடாமல் அந்த நாக்கு பல்லில் மாட்டி நிற்கும். ஜான் மில்லர் என்ற அமெரிக்கப் பொறியாளர் நூறு வருடத்துக்கும் முன்பு கொண்டுவந்த ஏற்பாடு, அதை இன்னும் மாற்ற வேண்டிய தேவை பெரிதாக வரவில்லை. தண்டவாளத்தைக் கவனித்தால் மேலே, பக்கத்தில், அடியில் என்று மூன்று பக்கமும் சக்கரம் ஓடிய தடம் பளபளவென்று தெரியும். அடிச் சக்கரம்தான் மேட்டைத் தாண்டும்போது வண்டி எகிறாமல் பிடிப்பது, அதுவும் மில்லர் காப்புரிமை வாங்கிய விஷயம்தான். இந்தத் தடங்களை வைத்தே எந்த இடத்தில் பாரம் அதிகம் என்று மெக்கானிக் சொல்வார், கேட்டுப் பாருங்கள்.

உச்சிக்கு வந்ததும் முதல் இறக்கத்தைப் பார்ப்பீர்கள். இதற்குப் பிறகு பெரும்பாலான கோஸ்டர்களில் வண்டிக்கு மோட்டார் உதவி எதுவும் கிடையாது, இந்த உயரத்தில் சேர்த்த பலத்தை வைத்துத்தான் கடைசி வரை ஓட வேண்டும். அதனால்தான் குளிர் நாளில் கிரீஸ் இறுகும்போதும் எதிர்க்காற்று அடிக்கும்போதும் வண்டி மெதுவாகப் போகிறது, காற்று மிஞ்சினால் ஓட்டுவதையே நிறுத்துகிறார்கள். காற்றால் உங்கள் ஏற்றம் ரத்தானால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று தலைக்கு மேல் போகும்போது நாங்களும் டவரில் ஏறுவதில்லை, எவ்வளவு அவசர வேலையாக இருந்தாலும்.

போனை மேலே கொண்டுபோக விடுவது அபூர்வம். கயிற்றில் கட்டிய கேமராவை விடுகிற இடங்கள் உண்டு, இல்லாவிட்டால் கூட வருபவரே எடுத்துக் கொடுப்பார். பாக்கெட்டில் ஒன்றும் வைக்காதீர்கள், ஒரு சாவி அந்த உயரத்திலிருந்து விழுந்தால் கீழே நிற்பவர் தலைக்கு அது சாவி இல்லை.

இறங்கும்போது அவசரப்படாதீர்கள். நேராக முன்னால் பார்த்து இறங்குவது கஷ்டமாக இருந்தால், பக்கவாட்டில் திரும்பி இரண்டு கையும் ஒரே கம்பியில் வைத்து இறங்கலாமா என்று கேளுங்கள், முட்டி வலி உள்ளவர்களுக்கு அது பரவாயில்லாமல் இருக்கும். கால் மரத்துப்போகிற மாதிரி இருந்தால் உடனே சொல்லுங்கள். பட்டை அதிகம் இறுகியிருக்கும், நின்று தளர்த்திவிட்டுத் தொடரலாம், வெட்கப்பட்டுக்கொண்டு அப்படியே நடக்காதீர்கள்.

கீழே வந்து ஹார்னஸைக் கழற்றியதும் தண்ணீர் குடித்து ஒரு இடத்தில் உட்காருங்கள். அதே கோஸ்டரில் சவாரி போகிற திட்டம் இருந்தால் அதே நாளில் போங்கள், ஆனால் ஒரு மணி நேரமாவது கழித்து, கால் தெம்பு திரும்பிய பிறகு. போட்டோ எப்போது, எந்த மெயிலுக்கு வரும் என்று அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், ஊருக்கு வந்த பிறகு கேட்டு வாங்குவது நீண்டுகொண்டே போகும். ரத்தாகிப் பணம் திரும்ப வர வேண்டியிருந்தால், கட்டிய அதே கார்டுக்குத்தான் வரும், அந்தக் கார்டை அதற்குள் மாற்றிவிடாதீர்கள், வந்த தொகை ரூபாயில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும், அது மாற்று விலை வித்தியாசம்தான்.